நீலம் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: நான்கு வருடமாக ஒரே கைபேசி. ஓ.எல்.இ.டி. திரை. இப்போது வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் லேசாக மஞ்சள் தட்டுகிறது. கண்ணில் கோளாறா, திரையிலா?
(வாசகி ஒருவர், கோவில்பட்டி)

பதில்: திரையில்தான். ஓ.எல்.இ.டி. என்பது, மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் கரிம (கார்பன் சார்ந்த) மூலக்கூறுகளால் ஆன திரை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் பெரும்பாலும் முதலில் மங்குவது நீலம். அது குறைந்தால் மீதி இரண்டும் சேர்ந்து வெள்ளையை மஞ்சளாக்கிவிடும்.

620 நானோமீட்டர் சிவப்பொளியின் ஒரு துகளுக்கு 2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.75. ஒளி தரும் இந்த மூலக்கூறுகளில் உள்ள பலவீனமான சில கார்பன்–நைட்ரஜன் பிணைப்புகள் அறுந்துபோக ஏறக்குறைய 3 போதும். அதாவது நீலம் தரும் மூலக்கூறு, ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் தானே உடைந்துபோகும் எல்லைக்கு அருகில் போய்த் திரும்புகிறது. கிளர்ந்த இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்றின் ஆற்றலை மற்றது வாங்கிக்கொண்டால் கணக்கு 5-ஐத் தாண்டிவிடும். அப்புறம் எந்தப் பிணைப்பும் பத்திரமில்லை.

கேள்வி: அடர்நீல ஒளி தரும் பாலிமர்களை நிலையாக வைத்திருப்பது கடினம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஏன்?
(எம்.எஸ்சி. வேதியியல் மாணவர், மதுரை)

பதில்: இந்தக் கேள்விக்காகவே நன்றி. என் ஆராய்ச்சிக் காலத்தில் இரண்டு வருடம் இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

பாலிமரில், அதாவது சிறு அலகுகளைச் சங்கிலியாகக் கோத்த நீள மூலக்கூறில், மின்சாரம் செலுத்தி ஒளி எடுத்ததை 1990-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம் அறிவித்தது. அந்த ஒளி பச்சை கலந்த மஞ்சள். அடுத்த வருடமே ஜப்பானின் ஒசாகாவில் ஃபுளோரீன் என்ற அலகைக் கோத்துச் செய்த பாலிஃபுளோரீனிலிருந்து நீலம் வந்தது. (பற்பசையில் இருக்கும் ஃபுளோரினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்.)

முதன்முதலாக நான் செய்த பாலிஃபுளோரீனைக் கண்ணாடித் துண்டில் சுழற்றிப் பூசி, புற ஊதா விளக்கின் கீழே பிடித்தேன். அப்படி ஒரு நீலம்! ஊதா எட்டிப் பார்க்கும் சுத்தமான நீலம். கரைப்பான் மிச்சம் போகட்டும் என்று சூட்டுத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அதே துண்டு வெளுத்த பச்சையாக ஒளிர்ந்தது. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பச்சைதான்.

சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் பச்சை வருகிறது என்றே பல காலம் நம்பினார்கள். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002 வாக்கில் உண்மைக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தன. ஃபுளோரீனின் ஒன்பதாவது கார்பனில் இரண்டு ஆல்கைல் தொகுதிகள் (கார்பன்–ஹைட்ரஜன் வால்கள்) இருக்க வேண்டும். சில அலகுகளில் ஒன்று மட்டும் ஏறி, இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் அப்படியே தங்கிவிடும். காற்றும் சூடும் பட்டால் அந்த இடம் கீட்டோனாகிவிடுகிறது, அதாவது அந்தக் கார்பனில் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு ஏறிக்கொள்கிறது. பச்சை அங்கிருந்துதான்.

நூறு அலகுக்கு ஒரு கீட்டோன்கூட வேண்டாம், அதற்கும் குறைவே போதும். வாய்க்கால் கரையில் ஒரே ஓர் எலி வளை இருந்தாலும் தண்ணீரெல்லாம் அதன் வழியே போய்விடும் அல்லவா? சங்கிலியில் எங்கே ஆற்றல் பிறந்தாலும் அது ஓடிவந்து கீட்டோன் இருக்கும் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது.

சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் பதங்கமாக்கிச் சுத்தம் செய்யலாம். பாலிமரில் அந்த வழி கிடையாது. அழுகின பூவை மாலை கட்டும் முன்பே பொறுக்கியாக வேண்டும். அதனால் என் முழு உழைப்பும் மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்கும் முன் இருக்கும் தனி அலகு, பக்கம் திரும்பியது. மிச்சமிருக்கும் அந்த ஹைட்ரஜனுக்குக் கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு. வலுவான காரம் அதைப் பிடுங்கிவிடும். மின்சுமை ஏறிய அந்த மூலக்கூறு குழாயில் நிரப்பிய அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடுத் தூள்) ஒட்டிக்கொள்ள, நல்லது மட்டும் கீழே இறங்கும். பிறகு திரும்பத் திரும்பப் படிகமாக்கல். கடைசியில் வடிதாளில் கிடந்த வெள்ளை ஊசிகளைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

சுத்தம் ஒரு வழி. அந்த இடத்தையே மாற்றி வடிவமைப்பது இன்னொரு வழி, என் மனம் சாய்வதும் அதன் பக்கம்தான். ஆல்கைலுக்குப் பதில் பென்சீன் வளையங்களை வைத்து அடைக்கலாம். ஒன்பதாவது கார்பனை எடுத்துவிட்டுச் சிலிக்கானை உட்கார வைக்கலாம். வேதியியலர் ஆண்ட்ரூ ஹோம்ஸ் குழுவினர் 2005-இல் அதைச் செய்து காட்டினார்கள். சிலிக்கான் எளிதில் கீட்டோன் மாதிரி மாறாது, அதனால் சூடாக்கியும் அவர்களுடைய நீலம் நின்றது. ஜெர்மனியின் மைன்ஸில் டிரைஃபெனிலீன் அலகுகளைக் கோத்தார்கள். அதில் தாக்குதலுக்கு ஆளாகும் அந்த மாதிரிக் கார்பனே கிடையாது, முழுக்க பென்சீன் வளையங்கள்தான்.

கேள்வி: இதை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பார்க்க முடியுமா?
(அதே மாணவர்)

பதில்: தாராளமாக. பாலிமர் கொஞ்சம், 365 நானோமீட்டர் கை விளக்கு, சூட்டுத் தட்டு, சுத்தமான நைட்ரஜன் இருந்தால் போதும். சரி, எப்படி? ஒரே கரைசலில் இரண்டு துண்டுகள் பூசுங்கள். ஒன்றைக் காற்றில் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள், மற்றதைச் சுத்தமான நைட்ரஜனில் அதே நேரம், அதே சூட்டில். பிறகு இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடாமல் மட்டும் விளக்கை எடுக்காதீர்கள்.