தறி வீடும் மடிக்கணினியும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் நேரில் வரச் சொல்கிறார்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, முழுவதும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேறு வேலைக்கு மாறி, ஏற்காட்டில் வாடகைக்கு வீடெடுத்துக் குடியேற நானும் கணவரும் எண்ணுகிறோம். ஒன்பது வயது மகளை இணையவழிப் பள்ளியில் சேர்த்துவிடலாம். அலுவலகம், பள்ளி என்னும் கட்டடங்களின் காலம் முடிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. பெண்களுக்கு இதைப்போல விடுதலை தந்தது வேறெதுவுமில்லை. நாங்கள் எண்ணுவது சரிதானா? மகள் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல்தான் இதை எழுத நேரம் கிடைத்தது.

ம., சேலம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வேலையை மாற்றுவது உங்கள் வீட்டு வரவு செலவைப் பொறுத்தது. அதில் நான் தலையிடுவது முறையல்ல. ஆனால் புதிய நிறுவனம் தரும் வாக்கைப் பணி ஆணையில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். 2025க்குள் 25 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அலுவலகம் வரத் தேவையிராது என்று 2020இல் சொன்ன டி.சி.எஸ். நிறுவனமே 2023இல் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. எழுதித் தராத சலுகையை நம்பி ஊர் மாறாதீர்கள்.

பெண்களின் விடுதலை பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலை சேலத்துக்குப் புதிதல்ல. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் எத்தனையோ தலைமுறைகளாகத் தறி வீட்டுக்குள்தான் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்குப் போகும் கொலுசுகள் இன்றும் பெரும்பாலும் வீட்டுப் பட்டறைகளில்தான் உருவாகின்றன. நான் குழித்தறி போட்ட வீட்டில் பிறந்தவன். முன்னறையைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் நெசவு நிற்கும், நெசவு நின்றால் கூலியும் நிற்கும். பாவு என்னும் நெடுக்கு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் முதலாளி கொடுத்தார். இடம், விளக்கு, தறி, உடம்பு ஆகிய மற்ற எல்லாம் எங்களுடையவை.

கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டதால், அந்தச் சேலைக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா தறியில் உட்கார்ந்து, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட்டினார் என்பதற்குத்தான் கணக்கு இருந்தது. விடியற்காலையில் ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள், சுற்றிவிட்டு அடுப்புக்குப் போய், உலை கொதிக்கும் இடைவெளியில் மீண்டும் ராட்டைக்கு வந்த அம்மாவுக்குக் கணக்கு இல்லை. பண்டிகைக்கு முன் முதலாளி அவசரப்படுத்திய ஒரு வருடம், ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்காவைத் தார் சுற்றுவதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவள் திரும்பப் பள்ளிக்குப் போகவேயில்லை. யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். வேலையும் வீடும் ஒரே அறையில் இருந்ததால், வேலைக்கு ஒரு கை குறைந்தபோது எட்டும் தூரத்தில் அவளுடைய கை இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஆகவே, வேலை வீட்டுக்கு வந்தால் பெண்ணுக்கு விடுதலை கிடைக்கும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பயண நேரம் மிச்சமாவது உண்மை. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது அருகில் இருக்க முடிவதும் பெரிய நன்மை. ஆனால் வேலை இடம் மாறும்போது வேலையிடத்தின் செலவும் பொறுப்பும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கும் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. அதே திருத்தம்தான், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் மகப்பேறு விடுப்புக்குப் பின் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சொன்னது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபோது அந்தக் காப்பகம் எங்கே போயிற்று என்று யோசித்தீர்களா? அந்தக் காப்பகமாக நீங்களே ஆகிவிட்டீர்கள், அம்மா. அதனால்தான் பதினொரு மணிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதே வீட்டில் இருக்கும் உங்கள் கணவர் எத்தனை மணிக்குத் தூங்கப் போனார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் வரையும் விசைத்தறிக்கு 750 யூனிட் வரையும் இலவச மின்சாரம் தந்துவந்தது. 2023இல் அவற்றை 300, 1000 என உயர்த்தியது. வீட்டுக்குள் எரியும் மின்சாரம் தொழிலின் செலவு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் அந்தச் செலவை முதலாளியிடமிருந்து வாங்கித் தர எவராலும் முடியவில்லை. வீட்டில் செய்யும் வேலைக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. மற்ற கூலித் தொழிலாளருக்குச் சமமாக வீட்டுவழித் தொழிலாளரும் நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. மின்சாரம், இணையம், நாற்காலி, வேலை முடியும் நேரம் ஆகியவற்றை நீங்களும் உங்கள் சக ஊழியர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். நெசவாளர்கள் கேட்டார்கள் என்றால், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததால்தான். கூலி எங்கே குறைகிறது என்பது அங்கேயே தெருவெங்கும் தெரிந்துவிடும். கூட்டுறவுச் சங்கங்கள் அப்படிப்பட்ட தெருக்களில்தான் வேர்பிடித்தன. உங்களுடன் வேலை செய்பவருக்கு எவ்வளவு சம்பளம், அவர் எத்தனை மணிக்கு மடிக்கணினியை மூடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? வாரம் மூன்று நாள் அலுவலகம் போவதால் வேறு பயன் இல்லாவிட்டாலும் இது ஒன்றாவது தெரியவரும்.

ஏற்காட்டுக் குளிரும் காப்பித் தோட்டமும் எனக்கும் பிடிக்கும். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மகள் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகத்தான் பேசுவேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசி வகுப்புகள் இருந்தன. அவை போதவில்லை என்று கண்டதால்தான், பிள்ளைகளை மாலை நேரத்தில் நேரில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களை அரசு தெருத்தெருவாக அனுப்ப நேர்ந்தது. உங்கள் வீட்டில் தடையில்லாத இணையமும் தனி அறையும் இருக்கலாம். சண்டை போட்டுவிட்டு மறுநாள் அதே பெஞ்சில் உட்காரும் இன்னொரு பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாத ஒரு ஆசிரியை, அப்பாவின் சாதியும் வருமானமும் ஒன்றாக இல்லாத தோழிகள் ஆகியோரை எந்தத் திரையிலிருந்து கொண்டுவருவீர்கள்? பள்ளி இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் கூட்டம் நடக்கும்போது சத்தம் போடாமல் இருப்பதுதான் முதல் பாடமாக அமையும். அதுவும் ஒரு வேலைதான். கூலியில்லாமல் உங்கள் நிறுவனத்துக்காக அவள் செய்யும் வேலை. என் அக்கா தார் சுற்றியதிலிருந்து அது வெகு தூரத்தில் இல்லை.

மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, எங்கெங்கோ இருக்கும் பெற்றோர் படிப்பதற்காகவே பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அனுப்பி வந்திருக்கிறார்கள். அந்த மலைக்கே குடிபோகிறவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருக்க வழி தேடலாமா? உங்கள் நீண்ட கடிதத்தில் மகள் என்ன விரும்புகிறாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நாளை அவளிடம் கேளுங்கள். மலைக்குப் போனாலும் அஸ்தம்பட்டியிலேயே இருந்தாலும், ஜூனில் பள்ளி திறக்கும்போது அவளை ஒரு வகுப்பறையில் சேர்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.