ஊராட்சித் தலைவருக்கு ஒரு பெண்ணை நிறுத்தப் போகிறோம், என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கத்துக் கிராம ஊராட்சி எங்களுடையது. மகளிர் குழுவில் கணக்குவழக்கைப் பொறுப்பாகப் பார்க்கும் அக்கா ஒருவரைத் தலைவருக்கு நிறுத்த நினைக்கிறோம். அவர் ஜெயிக்கவும், ஜெயித்த பின் வீட்டு ஆம்பளைகள் கைக்கு நிர்வாகம் போகாமல் இருக்கவும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தலைவருக்கு மட்டும் ஆள் நிறுத்தினால் போதாது, வார்டுகளுக்கும் சேர்த்தே நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சியின் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தோற்ற அணியின் ஆள் அங்கே உட்கார்ந்துவிட்டால், தெருவிளக்குக்கு பல்பு வாங்கிய பில்கூட மாதக்கணக்கில் நிற்கும். "பொம்பளைக்கு நிர்வாகம் தெரியல" என்ற பேச்சு பல ஊர்களில் இப்படித்தான் கிளம்புகிறது. ஒன்பது வார்டு என்றால் ஐந்தாறு பேராவது உங்கள் பக்கம் வேண்டும். பொது வார்டு ஆண்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு, அதிலும் பெண்கள் நிற்கலாம். 2016-ல் பெண்களுக்கு வந்த 50 சதவீத ஒதுக்கீடு குறைந்தபட்ச அளவுதான்.

அடுத்து வாக்காளர் பட்டியல். கல்யாணமாகி வந்த பெண்களுக்குப் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே கிடக்கும். வேட்பாளரின் பெயர் உங்கள் ஊராட்சிப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும், வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இடம் மாற்ற படிவம் 8-ஐ இப்போதே கொடுத்துவிடுங்கள். பட்டியலை வீடு வீடாகச் சரிபாருங்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். மற்ற தெருக்களிலும் ஆண்கள் பலர் சிங்கப்பூர், துபாய் என்று போயிருப்பார்கள். ஓட்டுப் போட வரிசையில் உண்மையில் யார் நிற்பார்கள் என்று எண்ணினால், உங்கள் ஊரில் பெண்கள் ஓட்டின் பலம் தெரியும். அவர்களை நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ஊருணிக் கரையிலும் பாருங்கள். சாயங்காலத் தெருமுனைக் கூட்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள், அது அடுப்படி நேரம்.

மனுத் தாக்கலில் சறுக்குவது சின்ன விஷயங்களில்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டி ரசீதைக் கையில் வைத்திருங்கள். வார்டு உறுப்பினர் மனுவை முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளரா என்று பாருங்கள். 2019 தேர்தலில் தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. தலைவருக்கு அப்போது செலவு வரம்பு 34,000 ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரலாம். தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் கணக்கு நோட்டை அக்காவே எழுதட்டும், குழுக் கணக்கு எழுதிப் பழகிய கை.

கோவிலில் கூட்டம் போட்டுப் பதவியை ஏலம் விடும் பேச்சு எழுந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏலத்தில் பெண்ணின் பெயர் இருக்கும், பணம் கட்டியவன்தான் ஆள்வான்.

வாக்கு எண்ணும் இடத்துக்கு, எழுத்து தெரிந்த, சத்தத்துக்கு அசராத முகவரை அனுப்புங்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, 2019-ல் இங்கே வாக்குச் சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுவில் விழுந்தால் செல்லாத ஓட்டு, அதனால் மாதிரிச் சீட்டில் வயதானவர்களுக்குக் குத்திக் காட்டுங்கள். காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஊராட்சியில் 2020 ஜனவரி எண்ணிக்கையில் ஒரே தலைவர் பதவிக்கு இரண்டு பெண்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு சுற்று எண்ணிக்கையையும் முகவர் உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும்.

ஜெயித்த அன்றே பாருங்கள்: ஊராட்சிப் பணத்தை ஆன்லைனில் அனுப்ப உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாரிடம் இருக்கிறது, ஓடிபி யார் செல்போனுக்கு வருகிறது? கணவர் எண்ணைக் கொடுத்தால் நிர்வாகமும் அங்கேதான் போகும். தீர்மானப் புத்தகத்தை அக்கா வாசித்த பிறகே கையெழுத்துப் போடட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபையிலும் வரவு செலவை அவர் வாயாலேயே படிக்கட்டும். முதல் கூட்டத்தில் குரல் நடுங்கும். குழுப் பெண்கள் இருபது பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருங்கள்.