முனகலுக்கும் மதிப்பெண் உண்டு

தொண்டியிலிருந்து செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து வரப்போகும் தங்கச்சி, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் தேறிவிட்டதாக எழுதியிருக்கிறாய். குளிருக்கு என்ன வாங்குவது, வாடகை எவ்வளவு, பேச்சு ஆங்கிலத்தில் இன்னும் எதைப் படிப்பது என்று மூன்று கேள்விகள். குளிர்ச்சட்டையை இங்கே வந்து வாங்கிக்கொள். வாடகை ஊருக்கு ஊர் மாறும். கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

தேர்வில் தேறியவர்கள்தான் இங்கே வந்து வாயடைத்து நிற்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. விடிந்ததும் பணியை ஒப்படைக்கையில், ஒரு பெரியவரைப் பற்றி "இரவெல்லாம் சத்தம் போட்டார்" என்றேன். "என்ன சத்தம்?" என்றார் பொறுப்புச் செவிலியர். கேள்வி நியாயமானது, கேட்ட தொனிதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

மறதிநோய் முற்றிப் பேச்சை இழந்தவர்களின் வலியை அறிய அபே வலி அளவுகோல் என்ற ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2004இல் வெளியானது. ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 14ஐத் தொட்டுவிட்டால் கடும் வலி. முதல் மூன்று தலைப்புகள் குரல், முகம், உடல்மொழி. எந்த இலக்கணப் புத்தகத்திலும் இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை நமக்குச் சொல்லித்தரவில்லை.

புரட்டிப் படுக்கவைக்கும்போது அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் குரோன். மெல்லிய சிணுங்கல் விம்பர். முகம் சட்டென்று சுருங்கி விட்டுவிட்டால் வின்ஸ். சுளித்தபடி நின்றுவிட்டால் கிரிமேஸ். ஓயாமல் நெளிவது ஃபிட்ஜெட்டிங். வலிக்கும் இடத்தைத் தொடவிடாமல் கையால் காப்பது கார்டிங். இந்தக் கடைசிச் சொல்லை மறக்காதே. ஒரு பாட்டியம்மா சாப்பிட மறுத்தார், பிடிவாதம் என்றார்கள். காலுறையை இழுத்தபோது அவர் இடது கை இடுப்பை விட்டு நகரவே இல்லை. கார்டிங், கிரிமேஸ் என்று மதிப்பெண்ணோடு எழுதிவைத்தேன். மருத்துவர் எக்ஸ்ரேக்கு அனுப்பினார், இடுப்பெலும்பில் விரிசல். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் அந்தத் தொனியில் பேசியதில்லை.

மூச்சுச் சத்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூச்சை விடும்போது விசில்போல் கேட்பது வீஸ். இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் ஸ்ட்ரைடர். தொண்டைப் பக்கம் அடைப்பு என்று பொருள். உதவிக்கு மணியை அடித்துவிட்டு அப்புறம் பேசு.

இனி உன் உடம்பைப் பார்ப்போம். நாம் இரக்கத்தில் "ச்சு ச்சு" கொட்டுவோம். இங்கே அது கண்டிப்பது. நான் ஒரு தாத்தாவுக்காகப் பரிதாபப்பட்டதை அவர் மகள் திமிர் என்று புகாராகவே எழுதிக் கொடுத்தார். தலையை இருபுறமும் ஆட்டி ஆமாம் சொல்லாதே, வாயால் சொல். இரண்டு தேநீர் கேட்கும்போது புறங்கை எதிராளியைப் பார்க்கும்படி இரண்டு விரலைக் காட்டிவிடாதே, அது இங்கே வசவு. காற்றை மீறிக் கத்தியே வளர்ந்த கரை நம்முடையது. குரலையும் கொஞ்சம் இறக்கு.

இதையெல்லாம் நம்மவர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதில்லை. கேரளத்துப் பெண்கள் வந்த வாரமே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். நம்மில் சிலரோ இரண்டு வருடத்தில் தோளைக் குலுக்கப் பழகிக்கொண்டு, நம்மைக் கண்டால் தெரியாதவர்கள்போல் போய்விடுகிறார்கள்.

என் அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போனவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பார். துணியைப் பிரித்தால் விரலெல்லாம் கீறல். உப்புத் தண்ணீர் பட்டும் முனகமாட்டார், உதட்டை மட்டும் மடித்துக்கொள்வார். அபே அளவுகோலில் அவருக்கு முகத்துக்கு ஒன்று, குரலுக்குப் பூஜ்யம்தான் போட முடியும். இங்கேயும் அப்படிப்பட்ட கிழவிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கையைப் பார், நாடித்துடிப்பைப் பார்.

வாடகையைப் பற்றி இன்னும் கேட்க வேண்டுமென்றால் என் கணவரிடம் கேள். அவருக்கு அதில் நன்றாகப் பொழுது போகிறது.