வாசகர் கேள்வி – பதில்: கோக்யோ ஏரிகளும் கும்பு மடாலயங்களும்

இமயத்தின் உயரமான ஏரிகளையும் பௌத்த மடாலயங்களையும் ஒரே நடைப்பயணத்தில் காண விரும்பும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் சில கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இடம்பெறுகின்றன.

கோயம்புத்தூர் வாசகி ஒருவர்: எனக்கு 51 வயது, கணவருக்கு 56. வெள்ளியங்கிரி மலைக்கு ஆண்டுதோறும் ஏறுகிறோம். மலை ஏரிகளையும் பௌத்தர்களின் வாழ்க்கையையும் வழிகாட்டியுடன் சென்று பார்க்க ஆசை. லடாக், நேபாளம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

லடாக்கில் ருப்ஷு சமவெளி வழியாக ட்சோ மோரிரி ஏரிக்கும், அதன் கரையிலுள்ள கோர்சோக் மடாலயத்துக்கும் செல்லும் நடைப்பயணம் புகழ்பெற்றது. ஆயினும் அப்பாதையில் பல நாள்கள் ஊரே இல்லாத வெளியில் கூடாரத்தில் தங்க வேண்டும். உடல்நிலை கெட்டால் விரைவாக உயரம் இறங்குவதற்கும் வழியில்லை. முதன்முறை இமயம் செல்லும் உங்கள் இருவருக்கும் நேபாளத்தின் கோக்யோ பாதையையே நான் பரிந்துரைப்பேன். எவரெஸ்ட் அமைந்துள்ள கும்பு பகுதியில், சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் இது இருக்கிறது. சில மணி நேர நடைக்கு ஒரு விடுதி உண்டு. சூடான சோறும் பருப்பும் கிடைக்கும். எந்த இடத்திலிருந்தும் கீழே இறங்கிவிட முடியும்.

ஏரிகளைப் பொறுத்தவரை, 4,700 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், நேபாளத்தின் மிக நீளமான பனியாறான ங்கோசும்பாவின் ஓரத்தில் அவை வரிசையாக அமைந்திருக்கின்றன. மூன்றாவது ஏரியான தூத் போகரியின் கரையில்தான் கோக்யோ என்னும் சிற்றூர் 4,790 மீட்டரில் இருக்கிறது. பனியாறு பாறையை அரைத்து உண்டாக்கும் மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் ஏரிகளுக்குப் பச்சையும் நீலமும் கலந்த நிறம் வருகிறது. 2007ஆம் ஆண்டு இந்த ஏரித் தொகுதி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கு மேலே எழும் 5,357 மீட்டர் உயரமுள்ள கோக்யோ ரி சிகரத்தில் நின்றால் எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு ஆகிய நான்கு எண்ணாயிர மீட்டர் மலைகளும் ஒரே பார்வையில் தெரியும்.

இந்த ஏரிகளுக்குப் போகும் வழி முழுவதும் ஷெர்ப்பாக்களின் ஊர்களே இருப்பதுதான் இப்பாதையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து வந்து குடியேறிய இவர்கள் திபெத்திய பௌத்தத்தின் பழைய பிரிவான நிங்மா மரபைச் சேர்ந்தவர்கள். திபெத்தில் பௌத்தத்தைப் பரப்பிய குருவான பத்மசம்பவர் மறைத்துவைத்த புகலிடப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றாகவே கும்புவை அவர்கள் கருதுகிறார்கள். சந்தை ஊரான நாம்ச்சே பஜாருக்கு மேலே தெரியும் கும்பிலா மலை ஊர்க்காவல் தெய்வம் உறையும் இடமென்பதால் அதில் எவரும் ஏறுவதில்லை. மலை, நீர், மடாலயம், உருளைக்கிழங்குத் தோட்டம் எல்லாம் அங்கே ஒரே வழிபாட்டு வாழ்வின் பகுதிகளாக இருக்கின்றன. அதை உணர்வதற்குத் தேவை அவகாசம். மெதுவாக நடத்திச் செல்லும் பயணத் திட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

சென்னை வாசகர் ஒருவர்: ஒரு பயண நிறுவனம் தந்த திட்டத்தில் முதல் நாள் லுக்லாவிலிருந்து பாக்டிங், இரண்டாம் நாள் நாம்ச்சே, மூன்றாம் நாள் தோலே, நான்காம் நாள் மச்சேர்மோ, ஐந்தாம் நாள் கோக்யோ என்று உள்ளது. நாள்கள் குறைவதால் செலவும் குறைகிறது. இதை ஏற்கலாமா?

ஏற்க வேண்டாம். 3,440 மீட்டரில் உள்ள நாம்ச்சேயில் ஒரே இரவு தங்கிவிட்டு, அடுத்த மூன்று நாள்களில் 1,350 மீட்டர் மேலேறித் தூங்கச் சொல்லும் திட்டம் இது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒரு நாள் தூங்கும் உயரத்துக்கும் மறுநாள் தூங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் வகுத்த பொதுவிதி. நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். விமானம் இறங்கும் லுக்லா அதைவிட உயரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோக்யோ ரி உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியே. உடல் அதற்குப் பழக நாள்கள் தேவை. அதைப் பயிற்சியாலோ மனவுறுதியாலோ ஈடுசெய்ய முடியாது.

நான் சொல்லும் மாற்று இது. நாம்ச்சேயில் இரண்டு இரவுகள் தங்குங்கள். இடையிலுள்ள பகலில் 3,790 மீட்டரில் இருக்கும் கும்ஜுங் ஊருக்கு ஏறி, அங்குள்ள மடாலயத்தையும் எட்மண்ட் ஹிலாரி 1961இல் தொடங்கிவைத்த பள்ளியையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். அடுத்த இரவு தெங்போச்சே, அதற்கடுத்த இரவு போர்ட்சே; இரண்டும் 3,800 மீட்டரை ஒட்டியவை. பிறகு தோலே, மச்சேர்மோ, கோக்யோ. நிறுவனம் தந்த திட்டத்தைவிட மூன்று நாள்கள் கூடும். ஆனால் அந்த நாள்களில்தான் உங்கள் உடல் உயரத்துக்குப் பழகும். இப்பகுதியின் மிகச் சிறந்த மடாலயமான தெங்போச்சேயையும், நேபாளத்தின் தேசியப் பறவையான தான்பேயும் கஸ்தூரி மானும் அச்சமின்றி உலவும் போர்ட்சே காட்டையும் அவையே உங்களுக்குக் காட்டும்.

தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, மிகுந்த சோர்வு சேர்ந்தால் அதை மலைநோயாகவே கொண்டு, மேலும் ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறி. நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது மூளை வீக்கத்தின் அறிகுறி. இவை தோன்றினால் நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை பழகுதலை விரைவுபடுத்த உதவும். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. அது சல்ஃபா வகை மருந்துகளோடு தொடர்புடையது; அவ்வகைக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பதால், மருத்துவரைக் கேட்டபின்பே அதை எடுக்க வேண்டும்.

சேலம் வாசகர் ஒருவர்: எந்த மாதம் செல்லலாம்? எந்தெந்த ஆவணங்கள் வேண்டும்?

அக்டோபர், நவம்பர் மாதங்கள் வானம் தெளிந்த காலம். மார்ச் பிற்பகுதி முதல் மே வரையும் செல்லலாம். விமானத்தில் நேபாளம் செல்லும் இந்தியர்கள் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையைக் கொண்டு செல்ல வேண்டும், ஆதார் செல்லாது. தேசியப் பூங்காவுக்கு ஒன்றும் கும்பு பசாங் லாமு ஊராட்சிக்கு ஒன்றுமாக இரண்டு அனுமதிச் சீட்டுகள் தேவை. நெரிசலான பருவத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவுக்குப் பதிலாக, பல மணி நேரச் சாலைப் பயணத் தொலைவிலுள்ள ராமேச்சாப்பிலிருந்து புறப்படும். மேகம் சூழ்ந்தால் அவை நாள்கணக்கில் நின்றுவிடும் என்பதால், ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன் இரண்டு மூன்று நாள்களை வெறுமையாக விட்டுவையுங்கள். 5,000 மீட்டருக்கு மேலும் செல்லுபடியாகும், ஹெலிகாப்டர் மீட்பையும் உள்ளடக்கிய காப்பீடு கட்டாயம் வேண்டும்.

கும்பகோணம் வாசகி ஒருவர்: தெங்போச்சே மடாலயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஆம தப்லாம் சிகரத்துக்கு எதிரே, ஒரு மலைமுதுகின் மேல் தெங்போச்சே நிற்கிறது. லாமா குலு என்பவர் 1916இல் அதை நிறுவினார். 1934ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் இடிந்தது; மீண்டும் எழுப்பப்பட்டது. 1989இல் தீ விபத்தில் எரிந்து, பழைய சுவடிகளும் ஓவியங்களும் அழிந்தன. 1993இல் மறுபடியும் திறக்கப்பட்டது. அக்டோபர் அல்லது நவம்பரில் வரும் மணி ரிம்து விழாவின்போது துறவிகள் வண்ண மணலால் மண்டலம் என்னும் புனிதக் கோலத்தை வரைந்து, முகமூடியணிந்து ஆடி, முடிவில் அந்த மண்டலத்தைக் கலைத்துவிடுவார்கள். திபெத்திய நாட்காட்டியின்படி ஆண்டுதோறும் தேதி மாறும்; உங்கள் பயணத்தை அதனுடன் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள்.

நடந்துகொள்ளும் முறை நமக்கு அந்நியமானதன்று. செருப்பையும் தொப்பியையும் கழற்றி உள்ளே செல்லுங்கள். வலம் வருவது போலவே பிராகாரத்தையும் ஸ்தூபியையும் சுற்றுங்கள். வழியெங்கும் 'ஓம் மணி பத்மே ஹூம்' பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்கள் வரும்; அவை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கடக்க வேண்டும். பாதை இரண்டாகப் பிரிந்து மணிச் சுவரின் இருபுறமும் செல்வது இதற்காகத்தான். அக்கற்களில் ஒன்றைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் உறவினரின் நற்கதிக்காகச் செதுக்கி வைத்தது. வழிபாடு நடக்கும்போது சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். பாதங்களைப் புத்தர் சிலையை நோக்கி நீட்டாதீர்கள். படமெடுக்கும் முன் கேளுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பும் கூட்டத்துடன் நீங்களும் கிளம்பிவிடாமல், அந்த ஊரிலேயே ஓர் இரவு தங்கி, விடியற்காலைச் சங்கொலியையும் மந்திர ஓதலையும் கேட்குமாறு மனப்பூர்வமாக வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கும்பு பள்ளத்தாக்கில் உயிர்க்கொலை கூடாது என்பது மரபு. விடுதிகளில் கிடைக்கும் இறைச்சி கீழேயிருந்து பல நாள் சுமந்து வரப்பட்டது. வயிற்றின் நலத்துக்காகவும் அங்குள்ளவர்களின் மரபுக்காகவும், மலையில் இருக்கும் நாள்களில் சைவ உணவே போதும்.

திருநெல்வேலி வாசகர் ஒருவர்: கோக்யோ ஏரி இந்துக்களுக்கும் புனிதமானது என்று கேள்விப்பட்டேன். அதில் நீராடலாமா?

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. நம் ஊரில் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமியை நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்கிறார்கள். அன்று இந்து யாத்திரிகர்கள் கோக்யோவுக்கு வந்து நீராடி, பூணூல் மாற்றிக்கொள்கிறார்கள். ஏரியின் மேற்கு மூலையில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சிறு கோயிலும் உண்டு. ஷெர்ப்பாக்களுக்கோ அந்த நீர் 'லு' எனப்படும் நாகங்களின் உறைவிடம். நீரை அசுத்தப்படுத்தினால் நாகங்கள் சினந்து நோயைத் தரும் என்பது அவர்களது நம்பிக்கை. புற்றுக்குப் பால் வார்க்கும் நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

யாத்திரை நாளன்று வழிபாட்டோடு மூழ்குவது வேறு. நடந்து வந்த களைப்பில் விளையாட்டாகக் குதிப்பது வேறு. அக்டோபரில் செல்வதானால், நீங்கள் கரையில் நின்று தலையில் நீர் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். உறைநிலையை நெருங்கிய நீரில், உயிர்க்காற்று குறைந்த இடத்தில் மூழ்குவது உடலுக்குப் பேராபத்து. சோப்பு, ஷாம்பு, துணி துவைத்தல் எதுவும் ஏரியில் கூடாது. இங்கிருந்து இறங்கும் நீரே தூத் கோசி ஆறாகக் கீழேயுள்ள ஊர்களை நோக்கிச் செல்கிறது. கோக்யோவில் இரண்டு இரவுகள் கிடைத்தால், ஒரு பகல் வடக்கே நடந்து நான்காவது ஏரி தோனாக், ஐந்தாவது ஏரி ங்கோசும்பா வரை சென்று வாருங்கள். கோக்யோ ரி ஏறுபவர்களில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. எனக்கு அந்த நடையே கூடுதலாகப் பிடிக்கும்.

திருச்சி வாசகர் ஒருவர்: வழிகாட்டி அவசியமா? நல்லவரை எப்படி அடையாளம் காண்பது?

2023 ஏப்ரல் முதல் நேபாள நடைபாதைகளில் வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம் என்று அந்நாட்டுச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. கும்பு ஊராட்சி மட்டும் அதைத் தன் எல்லையில் நடைமுறைப்படுத்த மறுத்தது. ஆகவே தனியாகச் செல்பவர்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பாதை தெளிவானது, வழி தவறும் அச்சம் குறைவு. இருந்தும் வழிகாட்டியை அமர்த்துங்கள் என்றே சொல்வேன். உயரத்தில் முதலில் மங்குவது நோயுற்றவரின் சொந்த முடிவெடுக்கும் திறன்தான் என்பதால், 'இன்று ஏற வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வேறொருவரிடம் இருக்க வேண்டும். மேலும், ஒரு வீட்டுப் பூசையறைக்குள் உங்களை அழைத்துச் செல்லவும், மூதாட்டி ஒருவர் சொல்வதைப் புரியவைக்கவும் கும்புவிலேயே பிறந்தவரால்தான் முடியும்.

பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் குழுவை எப்படிப் பிரிப்பீர்கள்? சுமைதூக்குபவர்களுக்குக் காப்பீடும் குளிருடையும் யார் தருகிறார்கள்? அவர்கள் எங்கே தூங்குவார்கள்? தடுமாறாமல் விடை வந்தால் நம்பலாம். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைக்க வற்புறுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற மீட்புப் பறப்புகள் நடந்ததை 2018இல் நேபாள அரசின் விசாரணையே வெளிப்படுத்தியது. சுமைதூக்குபவர்களில் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து பிழைப்புக்கு வருபவர்கள். உயரம் உங்களைப் போலவே அவர்களையும் தாக்கும். உங்கள் பையின் எடையைக் குறைப்பதே அவர்களுக்குச் செய்யும் முதல் உதவி.

ஈரோடு வாசகி ஒருவர்: வந்த வழியே திரும்பாமல் ரெஞ்ஜோ லா கணவாய் வழியாக இறங்கலாமா? தாமே ஊர் வெள்ளத்தில் அழிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

உடல் நன்கு பழகியிருந்து, வானிலையும் தெளிவாக இருந்தால் இறங்கலாம். ரெஞ்ஜோ லா 5,360 மீட்டர். அதிகாலையில் கிளம்பினாலும் அன்று மாலை வரை நடக்க வேண்டியிருக்கும். மறுபுறம் நீங்கள் இறங்குவது, நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்துக்குத் தானியம் சென்று உப்பு வந்த பழைய வணிகப் பாதைக்கு; தாமே ஊர் அப்பாதையில்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்டு 16 அன்று மேலேயுள்ள பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் தாமேயைத் தாக்கி, வீடுகளோடு பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் சிதைத்தது உண்மை. டென்சிங் நார்கே சிறுவயதில் வாழ்ந்த ஊர் அது. எவரெஸ்ட்டில் அதிக முறை ஏறிய காமி ரீதா பிறந்ததும் அங்கேதான். வெப்பமடையும் இமயத்தில் சிறிய ஏரிகளும் ஆபத்தாக மாறுவதை அந்த நாள் காட்டியது. எனினும் ஊர் முழுவதும் அழிந்துவிடவில்லை. பாதையின் அப்போதைய நிலையை நாம்ச்சேயில் விசாரித்துவிட்டு, திறந்திருந்தால் தாமேயில் ஓர் இரவு தங்குங்கள். அங்குள்ள குடும்பங்கள் நடத்தும் விடுதியிலேயே உணவும் உண்ணுங்கள். மலைச்சரிவில் இருக்கும் மடாலயத்துக்கு மறுநாள் காலையில் ஏறலாம். அங்கே மணி ரிம்து விழா பெரும்பாலும் மே மாதத்தில் நடைபெறும்.