ராடு நல்லாத்தான் இருக்கு, ஒயரைப் பாருங்க

காசிமேட்டு வீட்டுல 1500 வாட் ஹீட்டர் ராடு போட்டா தண்ணி சூடாக ரொம்ப நேரமாகுது, ராடு போயிடுச்சான்னு கேட்டிருந்தீங்க. ராடு ஓடும்போது 198 வோல்ட், 5.6 ஆம்பியர், நிறுத்தினா 224 வோல்ட். இதை அளந்து எழுதினீங்களே, அதுலயே பாதி வேலை முடிஞ்சது.

மின்தடை வேணும்னா வோல்ட்டை ஆம்பியரால வகுங்க. 198 ÷ 5.6 = 35.4 ஓம். ராடு மேல 230 வோல்ட்னு போட்டிருந்தா 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். ரெண்டும் ஒண்ணுதான், ராடுல குறையே இல்லை.

பவர் 198 × 5.6, அதாவது 1109 வாட். வோல்ட் குறைஞ்சா கரண்ட்டும் கூடவே குறையும், அதனால பவர் ரெட்டிப்பா அடி வாங்குது. 12 நிமிஷத்துல சூடாகிற பக்கெட்டுக்கு 16 நிமிஷம் ஆகும்.

என் கவலை வழியில தொலையுற அந்த 26 வோல்ட் (224 − 198) மேலதான். 26 × 5.6 = 146 வாட் ஒயர்லயோ ஜாயின்ட்லயோ சூடா இறங்குது. முழுசும் ஒரே லூஸ் ஜாயின்ட்ல இறங்கினா பிளாஸ்டிக் உருகிடும். கடல் காத்து செம்பை அரிக்கிற ஏரியா நம்மது. ராயபுரத்துல எங்க வீட்டு பிளக் பாயின்ட்டைத் திறந்தப்ப நியூட்ரல் ஸ்க்ரூ அடியில பச்சைப் பொடி, ஒயர் தோல் கருகி நொறுங்கிச்சு.

ஒயரைச் சரிபார்க்கிற வரைக்கும் நீங்களா ராடு போடாதீங்க. வயர்மேனை வெச்சு, ராடு ஓடும்போது மீட்டர் போர்டுல அளக்கச் சொல்லுங்க. அங்க 220க்கு மேல இருந்தா கோளாறு வீட்டுக்குள்ள. அங்கயே வோல்ட் விழுந்தா கோளாறு தெருவுல இருந்து மீட்டருக்கு வர்ற சர்வீஸ் ஒயர்ல, அன்னைக்கே ஈபி ஆபீஸ்ல புகார் கொடுங்க.