ஒன்றின் புளொக், மற்றொன்றின் ஹெட்: வாசகர் கேள்வி-பதில்

உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டு முற்றத்திலேயே கார் பூட்டும் இளைஞர்கள் திருகோணமலைப் பக்கம் பெருகி வருகிறார்கள் என்பதை எனக்கு வரும் கேள்விகளே சொல்கின்றன. இம்முறை, இரு வேறு எஞ்சின்களின் புளொக்கையும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) சிலிண்டர் ஹெட்டையும் (வால்வுகள் உள்ள மேல்மூடி) ஒன்றாகப் பூட்டுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் டொயோட்டாவின் 1.8 லீற்றர் 7ஏ புளொக் ஒன்று வாங்கினேன். நண்பரிடம் அதே டொயோட்டாவின் 16 வால்வு 4ஏ-ஜிஇ ஹெட் இருக்கிறது. போல்ட் துளைகள் ஒத்துப்போகின்றன. அப்படியே பூட்டலாமா? (உப்புவெளி வாசகர்)

போல்ட் துளைகள் ஒத்துப்போவது இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மட்டுமே காட்டும். இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 81 மில்லிமீற்றர்தான். ஆனால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 4ஏயில் 77 மில்லிமீற்றர், 7ஏயில் 85.5 மில்லிமீற்றர். அந்த நீண்ட ஸ்ட்ரோக்குக்காக 7ஏ புளொக்கை உயரமாக வார்த்திருக்கிறார்கள். ஆகவே ஹெட் மேலே போய்விடும். கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கும் பழைய டைமிங் பெல்ட் எட்டாது. நீளமான பெல்ட் தேடிப் போட்டாலும் பற்கள் சரியான இடத்தில் விழாமல் கேம் சற்று முந்தியோ பிந்தியோ நிற்கக்கூடும் என்பதால், கோணத்தைத் திருத்தக்கூடிய கேம் புல்லி ஒன்றை இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிஸ்டனில் இருக்கிறது. உங்கள் புளொக்குக்கு உரிய 7ஏ-எஃப்இ பிஸ்டனின் தலையிலுள்ள குழிவுகள், ஏறக்குறைய நேராக நிற்கும் வால்வுகளுக்காக வெட்டப்பட்டவை. 4ஏ-ஜிஇ ஹெட்டிலோ உள்வரும் வால்வும் வெளியேறும் வால்வும் தமக்கிடையே 50 பாகை விரிந்து நிற்கின்றன. பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாதிருந்த ஓர் எஞ்சின், இந்தக் கலப்புக்குப் பின் மோதும் எஞ்சினாகிவிடலாம். ஹெட்டுக்கு ஏற்ற பிஸ்டனைத் தேடுங்கள், அல்லது அளந்த பின் குழிவுகளை லேத் பட்டறையில் ஆழப்படுத்துங்கள். ஆழப்படுத்துவதாயின் பிஸ்டன் தலையில் எஞ்சும் தடிப்பையும் பார்க்க வேண்டும்.

அமுக்க விகிதமும், அதாவது சிலிண்டரில் உள்ள கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதும், மாறும். 4ஏயின் ஒரு சிலிண்டர் கொள்ளளவு சுமார் 397 சிசி. விகிதம் 9.5 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கையில் எஞ்சும் இடம் சுமார் 46.7 சிசி. அந்த எஞ்சிய இடம் மாறாமல் சிலிண்டர் மட்டும் 7ஏயின் 441 சிசி ஆனால், விகிதம் 10.4 ஆக ஏறிவிடும். இங்கே கிடைக்கும் 92 ஒக்டேன் (தானாக வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் அளவு) பெற்றோலை நம்பி அதை ஓட்ட நான் துணியமாட்டேன். 95 போடுங்கள், தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் சற்றுப் பிந்தி வையுங்கள். உண்மையான எஞ்சிய இடத்தை அறிய, மருந்துக் கடையில் ஊசிச் சிரிஞ்சும் ஒரு பெர்ஸ்பெக்ஸ் (தெளிந்த பிளாஸ்டிக் தகடு) துண்டும் வாங்கினால் போதும். ஹெட்டைக் கவிழ்த்து, கிரீஸ் தடவிய பெர்ஸ்பெக்ஸால் அறையை மூடி, சிறு துளை வழியே மண்ணெண்ணெயை அளந்து நிரப்புங்கள். புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே வைக்கும் கஸ்கெட்டின் தடிப்பு, பிஸ்டன் குழிவு, உச்சியில் பிஸ்டன் புளொக்கின் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பவற்றையும் அதனோடு கூட்ட வேண்டும்.

கடைசியாக, ஹெட் கஸ்கெட்டை முதலில் புளொக்கின் மீதும் பிறகு ஹெட்டின் மீதும் வைத்து, எண்ணெய்த் துளையும் தண்ணீர்த் துளையும் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் திரும்பி வடியும் துளையொன்று பாதி மூடியிருந்ததை நான் கவனிக்காமல் ஒருமுறை பூட்டிவிட்டேன். சீனக்குடா போய்த் திரும்புவதற்குள் ஹெட் மூடிக்குள் எண்ணெய் தேங்கி, புகைபோக்கி நீலப் புகை கக்கியது.

அப்படியானால் அந்த எஞ்சினை 4ஏ-ஜிஇ போல நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை ஓட்டலாமா? (அதே வாசகர்)

வேண்டாம். 7,500 சுற்றில் 4ஏ பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 19.3 மீற்றர், 7ஏயில் அது 21.4 மீற்றர். அன்றாடக் காருக்காகச் செய்த கொன்றொட்டையும் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) அதன் போல்ட்டையும் மாற்றாதவரை 6,500ஐத் தாண்டாதீர்கள்.

வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பதை எஞ்சினை ஓட்டாமலே அறிய முடியுமா? (கிண்ணியா வாசகர்)

பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிதான் இதற்குச் சிறந்த கருவி. பிஸ்டன் தலையில் அதைத் தட்டி வைத்து, வால்வு நுனியில் சிறிது எண்ணெய் தடவி, பழைய கஸ்கெட்டுடன் ஹெட்டை உரிய முறுக்கில் இறுக்கி, டைமிங்கைச் சரிசெய்து, கிராங்கைக் கையால் மட்டும் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஏதேனும் இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பிறகு ஹெட்டைக் கழற்றி, களியை பிளேட்டால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளவிடுங்கள். உள்வரும் வால்வுக்கு 2 மில்லிமீற்றரும் வெளியேறும் வால்வுக்கு 2.5 மில்லிமீற்றரும் இருந்தால் நிம்மதியாக உறங்கலாம். பழைய கஸ்கெட் நசுங்கியது, புதியது வேறு தடிப்பு என்றால், அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள்.

மொறிஸ் மைனரின் 948 சிசி எஞ்சினைச் சிறு ஸ்போர்ட்ஸ் காரில் வைக்கிறேன். எந்தப் பெரிய ஹெட் பொருந்தும்? (தம்பலகாமம் வாசகர்)

பலரும் ஆசைப்படுவது 1275 சிசி எஞ்சினின் 12ஜி940 (ஹெட்டின் வார்ப்பு இலக்கம்) ஹெட். அந்த எஞ்சினின் போர் 70.6 மில்லிமீற்றர், உங்களுடையதோ 62.9 மில்லிமீற்றர்தான். ஆகவே வெளியேறும் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இறங்காமல் புளொக்கின் விளிம்பிலேயே போய் இடிக்கும். புளொக்கில் குழி வெட்டுவோர் உண்டு. நன்றாக இருக்கும் பழைய புளொக்கை அதற்காக வெட்ட எனக்கு மனம் வருவதில்லை.

12ஜி295 ஹெட் இதைவிட நல்ல தெரிவு. ஆனால் அதன் அறை 28.3 சிசி, உங்கள் பழைய ஹெட்டின் அறை 24.5 சிசி அளவே. அப்படியே பூட்டினால் 8.3 ஆக இருந்த அமுக்க விகிதம் ஏறத்தாழ 7.5க்கு இறங்கிவிடும். பெரிய ஹெட் போட்டும் கார் மந்தமாகிவிட்டது என்று அலுத்துக்கொள்வோரின் கதை பெரும்பாலும் இதுதான். ஹெட்டின் முகத்தைச் சீவி அறையைச் சிறிதாக்கிய பிறகே பூட்டுங்கள்.

லண்டனிலிருந்து மைத்துனர் பழைய ஃபோர்ட் 1500 ஹெட் ஒன்று கொண்டுவந்தார். என்னிடம் இருப்பது ஃபோர்ட்டின் 1600 கிராஸ்ஃப்ளோ எஞ்சினின் புளொக். இரண்டையும் பூட்டலாமா? (உவர்மலை வாசகர்)

மைத்துனருக்கு நன்றி சொல்லிவிட்டு ஹெட்டை அலுமாரியில் வையுங்கள். 1967இல் வந்த கிராஸ்ஃப்ளோவில் எரியும் அறை பிஸ்டன் தலையில் கிண்ணமாகக் குடையப்பட்டிருக்கிறது. பழைய 1500இல் அறை ஹெட்டிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கிண்ணமும் அறையும் ஒன்றன் மேல் ஒன்றாகி அமுக்கம் படுத்துவிடும்.

கடற்காற்றும் உவர்த் தண்ணீரும் உள்ள இடத்தில் இரும்புப் புளொக்கில் அலுமினிய ஹெட் நிலைக்குமா? (நிலாவெளி வாசகர்)

நிலைக்கும், ஆனால் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். உப்பேறிய தண்ணீர் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்கலம் போல வேலை செய்து, கஸ்கெட்டை ஒட்டிய அலுமினியத்தைத்தான் முதலில் அரிக்கும். வடித்த தண்ணீரும் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்டும் மட்டுமே ஊற்றுங்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 400 மில்லிமீற்றர் நீள ஹெட் ஒன்று 80 பாகை செல்சியஸ் சூடேறினால், கீழேயுள்ள புளொக்கைவிட ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் கூடுதலாக நீளும். அத்தனை தேய்ப்பையும் கஸ்கெட்தான் தாங்குகிறது. ஆகவே இரு முகங்களும் வளையாமல் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுமுறை பாவிக்காதீர்கள்.

கலப்பு எஞ்சினுக்கு எந்த இலக்கத்தைப் பதிவது? (மூதூர் வாசகர்)

எஞ்சின் இலக்கம் புளொக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட்டை மாற்றுவதால் அது மாறாது. புளொக்கின் முகத்தைச் சீவக் கொடுக்கும்போது அந்த இலக்கம் அழிந்துவிடாதபடி பட்டறையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொடுக்குமுன் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.