அக்கா, தங்கை, அம்மா விட்டுப்போன வீடு: அமெரிக்கத் தெற்கிலிருந்து கேள்வி பதில்

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் சிற்றூர்களில், பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கைகள் பெரும்பாலும் ஒரு சாவுக்குத்தான் மறுபடி சந்திக்கிறார்கள். நான் ஜார்ஜியாவில் பத்திரத் தேடல் வேலை பார்க்கிறவள், வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அட்லாண்டா வாசகி: என் மாமியாரும் அவர் தங்கையும் பேசிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவர்கள் அம்மா தவறிவிட்டார். அப்பா முன்பே போய்விட்டார். உயில் இல்லை. அடக்கத்துக்கு ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம். மருமகள் நான் என்ன செய்யலாம்?

இரங்கல் குறிப்பை யார் எழுதுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். உள்ளூர்ப் பேப்பரில் வரும் அந்தச் சில வரிகளை ஊரே படிக்கும். பிள்ளைகள் பட்டியலில் தங்கை பெயர் விட்டுப்போனாலோ, அவர் வீட்டுக்காரர் பெயர் இல்லாமல் வந்தாலோ, அடுத்த சண்டைக்கு அதுவே போதும். அச்சுக்குப் போகும் முன் வாங்கிப் படித்துவிடுங்கள். மருமகள் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை 'விசிட்டேஷன்' இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பம் வரிசையாக நிற்க, ஊர்க்காரர்கள் வந்து கைகொடுப்பார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து நிற்க வேண்டிய இடம் அது. நடுவில் ஒரு பேரனை நிறுத்துங்கள். மறுநாள் அடக்கம் முடிந்ததும் சர்ச் கூடத்தில் சாப்பாடு: ஹாம், பொரித்த கோழி, பீன்ஸ், மஞ்சள் கருவைப் பிசைந்து நிரப்பிய முட்டை. முதல் பேச்சு அங்கேதான் வரும், அதுவும் வீட்டைப் பற்றி வராது. அம்மாவின் வார்ப்பிரும்புச் சட்டி எங்கே என்று ஆரம்பிக்கும்.

இனி வீடு. ஜார்ஜியாவில் உயிலும் இல்லாமல் துணையும் இல்லாமல் ஒருவர் இறந்தால், சொத்து பிள்ளைகளுக்குச் சமபங்கு. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குத் தனிச் சலுகை கிடையாது. வீடு பிரிபடாத பங்காக இருவருக்கும் போகும். 'ஏர்ஸ் ப்ராப்பர்ட்டி', அதாவது வாரிசுச் சொத்து என்பார்கள். முழு வீட்டை ஒருத்தி தனியாக விற்க முடியாது, ஆனால் தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வெளியாள் நுழைவது அந்த வழியாகத்தான்.

அடக்க வாரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாகக் 'குவிட்கிளெய்ம்' பத்திரத்தில். நம்மூர் விடுதலைப் பத்திரத்தின் ஒன்றுவிட்ட தம்பி அது. "எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறதோ அதை விட்டுக்கொடுத்தேன்" என்று ஒரே பக்கம். அழுது கட்டிப்பிடித்த மதியம் போட்ட கையெழுத்தைத் திங்கட்கிழமை திரும்ப வாங்க முடியாது.

திருச்சி வாசகர்: அம்மா தன் கையாலேயே பைபிளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் செல்லுமா?

முழுக்க அவர் கையெழுத்தில் இருந்து, கீழே ஒப்பமும் இருந்தால் மிசிசிப்பியில் செல்லும். ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் இரண்டு சாட்சி இல்லாமல் செல்லாது.

சென்னை, கதை எழுதுபவர்: ஒருத்தி சிகாகோவில், ஒருத்தி மிசிசிப்பியில். கறுப்பினக் குடும்பம். காதல், பணம் தவிர நம்பும்படியான பிரிவுக் காரணம் சொல்லுங்கள்.

வரலாறே காரணம் வைத்திருக்கிறது. 1910க்கும் 1970க்கும் நடுவில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். மிசிசிப்பிக்காரர்களில் பலர் இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறிச் சிகாகோ போனார்கள். ஒரே வீட்டில் ஒருத்தி போனாள், ஒருத்தி அப்பா அம்மாவோடு நின்றாள். போனவள் பணம் அனுப்புவாள். நின்றவள் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் புரட்டிப் போடுவாள். யார் அதிகம் செய்தது என்ற கணக்கு ஒருநாளும் நேராகாது. இதற்கு மேல் வில்லன் எதற்கு?

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தெற்கே அனுப்பும் வழக்கமும் இருந்தது. 1955 ஆகஸ்டில் அப்படிச் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் வெள்ளையர்களால் கடத்திக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு ஒரு தாய் "என் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன்" என்றால், அது தங்கையின் காதில் "உன் வீடு எனக்கு வேண்டாம்" என்று விழலாம். உங்கள் கதை அங்கே இருக்கிறது. சந்திக்க வைக்க இடம் வேண்டுமென்றால் ஜூலை மாதக் குடும்பச் சந்திப்பு இருக்கிறது. எல்லோரும் ஒரே நிற டீ-ஷர்ட் போட்டிருப்பார்கள். பேசாதவளுக்கும் அவள் அளவில் ஒன்று அச்சடித்து வைத்திருப்பார்கள்.

டாலஸ் வாசகர்: பல வருஷமாக வீட்டுவரி கட்டியது அக்காதான். அப்படியானால் வீடு அக்காவுடையதுதானே?

இல்லை. கூட்டு உரிமையாளரில் ஒருவர் வரி கட்டுவதால் மற்றவர் பங்கு கரையாது. பிரிவினை நேரத்தில் ரசீதைக் காட்டித் தங்கை பாகத்துக்கான பணத்தைக் கணக்கில் கேட்கலாம், அவ்வளவே. ஆனால் யாருமே கட்டாமல் விட்டால் இருவருக்கும் போச்சு. ஜார்ஜியாவில் மாதத்தின் முதல் செவ்வாய், கோர்ட் வாசற்படியில் ஏலம். மீட்க 12 மாதம்தான் உறுதி.

கோவை வாசகி: சாவு வீட்டுக்கு நானும் ஏதாவது செய்துகொண்டு போக வேண்டும். சோள ரொட்டி செய்யலாமா? சர்க்கரை எவ்வளவு?

செய்யலாம். சர்க்கரை கூடாது. வெள்ளை மக்காச்சோள மாவு, மோர், முட்டை. அடுப்பில் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பு விட்டு, மாவை ஊற்றினால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம்தான் அடிப்பக்கத்து முறுகல்.

டாலஸ் வாசகர்: சர்க்கரை போடாததற்குப் பெயர் ரொட்டியா? என் பக்கத்து வீட்டுப் பாட்டி அலபாமாக்காரர். இரண்டு கரண்டி போடுவார்.

பாட்டிக்கு என் வணக்கம். அது கேக்.

நாஷ்வில் வாசகி: கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் சர்க்கரை போடுவது வழக்கம். உங்கள் ஊர் ருசியைத் தெற்குக்கே சட்டமாக்காதீர்கள்.

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். பழைய கல் ஆலையில் வயலிலேயே முற்றிக் காய்ந்த சோளத்தை அரைத்தார்கள், மாவிலேயே தித்திப்பு இருந்தது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உருளை ஆலை வந்ததும் முற்றாத சோளத்தைப் பறித்து அரைத்தார்கள். குறைந்த தித்திப்பைச் சர்க்கரை நிரப்பியது. ஆகவே என் கட்சி: கல்லில் அரைத்த நல்ல மாவு கிடைத்தால் சர்க்கரை எதற்கு?

டாலஸ் வாசகர்: கிடைக்காவிட்டால்?

கிடைக்காவிட்டால் பிஸ்கட் செய்யுங்கள். நம்மூர் பிஸ்கட் இல்லை, இங்கத்து மெத்தென்ற குட்டி ரொட்டி.

நாஷ்வில் வாசகி: இவரோடு பேசிப் பயனில்லை. நான் போடுவேன்.

போடுங்கள். சட்டி மட்டும் என்னுடையது. அடுத்தவர்.

சார்லட் வாசகர்: என் மனைவியின் சித்தி, அலபாமா வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கக் கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டுகிறார். மாமியார் அங்கேயேதான் குடியிருக்கிறார்.

முன்பெல்லாம் ஒருத்தி கேட்டாலே போதும், வீடு ஏலத்துக்கு வந்து அடிமாட்டு விலைக்குப் போகும். கறுப்பினக் குடும்பங்கள் பல இப்படித்தான் நிலத்தை இழந்தன. அதைத் தடுக்க 2010இல் மாநிலங்களுக்கு முன்மாதிரியாக ஒரு சட்டம் வகுத்தார்கள். ஜார்ஜியா 2012, அலபாமா 2014, தென் கரோலினா 2016, மிசிசிப்பி 2020 என்று ஏற்றுக்கொண்டன. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட செனட்டர் கிளமென்டா பின்க்னியின் பெயரைத் தென் கரோலினா அதற்கு வைத்திருக்கிறது.

இதன்படி 'விற்றுப் பிரி' என்று ஒருவர் கேட்டால், கோர்ட் முதலில் விலை மதிப்பிடும். அந்த மதிப்பில் சித்தியின் பங்கை வாங்கும் வாய்ப்பு உங்கள் மாமியாருக்கு. அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 45 நாளுக்குள் வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். கடிதம் வந்தால் அலமாரியில் செருகாமல் அன்றே வக்கீலிடம் போங்கள். அதற்குள் சமாதானம் ஆகிவிட்டது, ஒரு கையெழுத்துதான் என்று யாராவது வந்தால், மேலே குவிட்கிளெய்ம் பற்றிச் சொன்னதைப் படித்துக் காட்டுங்கள்.

ஹூஸ்டன் வாசகி: வரி கட்டியது நாங்கள்தான்…

டாலஸுக்குச் சொன்ன பதில்.

மதுரை வாசகர்: இருபது வருஷ ரசீதும் இருந்தால்?

இருபது வருஷத்துக்குக் கணக்குக் கேட்கலாமா என்பதை வக்கீல் சொல்வார். வீடு அப்போதும் இரண்டு பேருக்கும்தான். வரி பற்றி இனிக் கேள்வி வேண்டாம்.

சேலம் வாசகி: சினிமாவில் வருவதுபோல், நியூயார்க்கிலிருந்து வரும் அக்கா, கிறிஸ்துமஸுக்குள் தங்கையோடு சமாதானமாகிச் சேர்ந்து பேக்கரி திறப்பது நிஜத்தில் நடக்குமா?

சினிமா எனக்குத் தெரியாது. பேக்கரி யார் பெயரில்?

பெங்களூர் வாசகர்: பழைய பத்திரம் எங்கே தேடுவது?

ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க், அலபாமாவில் புரொபேட் நீதிபதி அலுவலகம், மிசிசிப்பியில் சான்சரி கிளார்க். பாட்டியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரோடு போங்கள். அது இல்லாமல் வருகிறவர்களால்தான் என் பாதி நாள் வீணாகிறது.

நியூ ஆர்லியன்ஸ் வாசகி: எங்கள் வழக்கு லூசியானா…

லூசியானா என்றால் ஆளை விடுங்கள். அங்கே பிரெஞ்சு, ஸ்பானிய வழிச் சட்டம், மாவட்டத்துக்குக் கவுண்டி என்பதற்குப் பதில் பாரிஷ் என்று பெயர். அப்பா உயிரோடு இருந்தால் கூட்டுச் சொத்தில் அம்மாவின் பாதி பிள்ளைகள் பெயருக்கு வந்தும் அனுபவிக்கும் உரிமை அப்பாவிடமே இருக்கும். அந்த ஊர் நோட்டரியிடம் கேளுங்கள்.